தும்பக்காட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியவன்

எட்டு வயதில் உலைநெருப்பில் வெந்து மூன்று விரல் மடங்கிப்போன வலது கையோடு, இடது கையால் சம்மட்டி பிடிக்கப் பழகிக்கொண்டான். பத்தொன்பது வயதில் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி நழுவி இரண்டு விலா எலும்பு முறிந்தது; ஐந்தாம் மாதம் எழுந்து போய், அதே லாரிக்கு அடியில் படுத்து மிச்ச வேலையை முடித்தான். கை சரியில்லாதவனை நம்பி எவன் வண்டியை விடுவான் என்று கேட்ட கடத்தூரில், கமான் பட்டை வேலை என்றால் நசீருதீன் என்று ஆக்கிக் காட்டினான். கொரோனா சமயத்தில் உலை ஏழு மாதம் அணைந்து கிடந்தும் பட்டறையைக் கைவிடவில்லை. மூத்த மகள் ஹீனாவைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்தான். இளையவள் அலீனா பன்னிரண்டாவது படிக்கிறாள். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் குனிந்துகொண்டுதான் இருக்கிறான்.

இத்தனையையும் ஜெயித்தவன், 2024 ஜனவரி மாதம், உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு தகட்டிடம் தோற்றுப்போனான்.

அவனுடைய தொழிலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லாரி, பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளில் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமையைத் தாங்குவது அதுதான். அது தொய்ந்தால் நிமிர்த்துவதும், முறிந்தால் மாற்றுவதும் நசீருதீன் வேலை. கடத்தூர் சந்தை ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறான்.

ஜனவரி எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முனிராஜின் பிக்கப் வந்து நின்றது. முனிராஜுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அரூர்ப் பக்கத்து மலைமேல் இருக்கிற தும்பக்காடு அவனுடைய ஊர். மழையில் ரோடு அரித்துப்போன பிறகு அங்கே பேருந்து ஏறுவதில்லை. மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்குவதும், அரிசி மூட்டை மேலே ஏறுவதும், மனிதர்கள் போய்வருவதும் அந்த ஒரே வண்டியில்தான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடந்து இறங்கினால் ஒன்பது கிலோமீட்டர் என்பதும் தெரியும்.

முனிராஜ் வண்டியிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினான். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தது.

"லிஃப்ட் கிட்டு பாய். நம்ம ஊரு ரோட்டுல கல்லு பேந்து நிக்குது. பின்னாடி அச்சு உருண்டை போயி டங்குனு இடிக்குது. போன வாரம் ஆயில் ஒழுவிப்போச்சு. நாலு இஞ்சு தூக்கி உட்டுருங்க."

"நாலு இஞ்சு தூக்குனா கல்லுல இடிக்காது. வளைவுல கவுந்துக்கும்."

"அப்ப மூணு?"

"வெங்காயமா வாங்கற, பேரம் பேசறதுக்கு? ரெண்டு. கட்டையப் பாரு, ரெண்டு இஞ்சுக்குத்தான் வந்திருக்குது."

பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் சாக்கின் மேல் பரப்பினான். இரண்டு இரும்புக் கட்டை, கூடுதல் பட்டை இரண்டு, நீளமான யூ போல்ட் எட்டு, நான்கு ஷாக் அப்சார்பர், ஒரு பை நிறைய நட்டும் வாஷரும். கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு தாள். அது இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் நசீருதீனுக்கு ஒன்றுதான். கை வெந்தபோது இரண்டாம் வகுப்பு. ஆறிவர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதன்பிறகு அவனைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை. எண்களெல்லாம் அத்துப்படி. எழுத்துத்தான் தெரியாது. தாளை மடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு ஜாக்கியை எடுத்தான்.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, அளவைச் சுவரில் சாக்பீஸால் குறித்தான். பழைய யூ போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டும் எட்டில் ஐந்துதான் அசைந்தது. மூன்றை அறுத்தான். பின்னால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டையைக் கொடுத்தான். பட்டைக்கட்டின் நடுப் போல்ட் தலை, கட்டையின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தான். முன்னால் கட்டை கொடுக்கக் கூடாது. அங்கே கூடுதல் பட்டை. முனிராஜ் ஒரு பக்கம் ஸ்பானரைப் பிடித்துக்கொள்ள, இவன் மறுபக்கம் படுத்தபடி குறுக்கும் மறுக்குமாக முறுக்கினான். முதல் நாள் பின்பக்கம் முடிந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் எழுந்திருக்க முடியாத அளவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முனிராஜ் இரண்டு காலையும் பிடித்து வண்டிக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டான்.

"என்னங்க பாய், பொணத்த இழுக்கறாப்புல இருக்குது."

"இன்னும் ரெண்டு போல்ட் கெடக்குது. திரும்ப உள்ள தள்ளு."

பின் அச்சுக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி போகும். ஒரு முனை அச்சில் இருக்கும், மறுமுனை வண்டியின் சட்டத்தில் இருக்கிற பிரேக் வால்வில். வண்டி உயர்ந்ததில் அந்தக் கம்பி விறைத்துக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது. நசீருதீன் அதைப் பார்த்தான். பார்த்தும் கையை வைக்கவில்லை.

சந்தை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டைக்காரன் பிரேக்கில் கை வைக்க மாட்டான், பிரேக்காரன் பட்டையில் கை வைக்க மாட்டான். ஒயரிங் செய்கிறவன் இரண்டிலும் வைக்க மாட்டான். அடுத்தவன் வேலையைத் தொடுவது அவன் சோற்றில் கை வைக்கிற மாதிரி. எவ்வளவு சிநேகிதம் இருந்தாலும், 'உன் ஐட்டம் ஒண்ணு இருக்குது, வந்து பாரு' என்று ஆள் விட்டுக் கூப்பிடுவார்களே தவிர, தாங்களாக ஒரு நட்டைக்கூடத் திருப்ப மாட்டார்கள். பிரேக் வேலைக்கு ராஜா. நான்கு கடை தள்ளி அவன் கடை. அந்த இரண்டு நாளும் அது பூட்டிக் கிடந்தது. மாமியார் வீட்டுத் துக்கத்துக்குப் பாப்பாரப்பட்டி போயிருந்தான்.

வண்டியைக் கொடுக்கும்போது, பிரேக்கை ராஜாவிடம் ஒருமுறை காட்டிவிடு என்று முனிராஜிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குச் சுவரில் குறித்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தான். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம். ஒரு நூல் கூட, குறைய இல்லை. காலி வண்டியைப் பொம்மிடி ரோட்டில் ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தான். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. திரும்பி வந்ததும் முதுகில் சூடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முனிராஜ் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டான். சொல்ல வேண்டியதை நசீருதீன் சொல்லவில்லை.

பட்டறைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற வீட்டில்தான் அவனுடைய அக்கா ஷரீபுன்னிசா ரவிக்கை தைக்கிறாள். எட்டாவது வரை படித்தவள். நல்ல அட்டைப்பெட்டி கிடைத்தால் அளவு அட்டை வெட்டி வைத்துக்கொள்வாள். புதன்கிழமை காலை அந்தப் பெட்டியை எடுத்துப் போய் வெட்ட உட்கார்ந்தவள், அடி மடிப்பில் கத்திரி எதிலோ இடிக்கவும் பிரித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, அட்டை நிறத்திலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஓட்டை போட்ட ஒரு வளைந்த தகடும் இரண்டு போல்ட்டும்.

"நசீரு, இது உன்னோடதா பாரு."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த இடத்துக்கான தகடு என்று தெரியவில்லை.

"எங்க இருந்துச்சு ஆபா?"

"பெட்டி அடியில. ஒளிச்சு வெச்ச மாதிரி ஒட்டியிருக்கான்."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அலீனாவைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தான். அவள் ஆறாம் பக்கத்தில் அந்தத் தகட்டின் படத்தைக் கண்டுபிடித்தாள். மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"பின் பிரேக் வால்வுக்குப் போற கம்பிய இந்தத் தகட்டுல மாத்திப் போடணுமாம் அப்பா. போடாம வண்டியில சுமை ஏத்தக் கூடாதாம். அத மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருக்கு."

அவனுக்கு அதற்கு மேல் எதுவும் படித்துக் காட்டத் தேவைப்படவில்லை. விறைத்துக்கொண்டு நின்ற கம்பி கண்முன்னால் வந்தது. முனிராஜுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லிற்று. மலைமேல் எப்போதும் அப்படித்தான். நான்கு தடவை போட்டான். பொங்கலுக்கு ஐந்தே நாள். கிழங்கு இறங்குகிற நேரம். இன்றைக்கே சுமை ஏறும்.

ராஜா முந்தின நாள் இரவே ஊர் திரும்பியிருந்தான். கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவனிடம் தகட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், வாளியை அப்படியே வைத்துவிட்டுச் சாமான் பையை எடுத்தான். நசீருதீனின் மொபெட்டில் இருவரும் கிளம்பினார்கள். கடத்தூரிலிருந்து அடிவாரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பள்ளம் வந்தபோதெல்லாம் நசீருதீனின் இடுப்பில் ஊசி இறங்கிற்று.

"அந்தக் கம்பி இழுத்துக்கிட்டு நின்னதப் பாத்தியா, இல்லையா?" பின்னால் இருந்து ராஜா கேட்டான்.

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"உன் வேலைன்னு உட்டுட்டேன்."

"நான் ஊர்ல இல்லாட்டி என் வேலையும் ஊர்ல இல்லைன்னு ஆயிருமா பாய்?"

மலை ஏற ஆரம்பித்ததும் மொபெட் இரண்டு பேரை இழுக்கவில்லை. மூன்று இடத்தில் ராஜா இறங்கி நடந்தான்.

தும்பக்காட்டை அடைந்தபோது பதினொன்று பத்து. ஊர் முகப்பில் பிக்கப் கீழ்நோக்கித் திரும்பி நின்றது. இருபத்தாறு மூட்டைக் கிழங்கு. மூட்டைகளின் மேல் பதினோரு பேர். அதில் மூன்று பெண்கள், ஒருத்தி மடியில் கைக்குழந்தை. முனிராஜ் அப்போதுதான் சாவியைத் திருப்பியிருந்தான். நசீருதீன் மொபெட்டை வண்டிக்கு முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவினான்.

"என்னங்க பாய், இவ்ளோ தூரம்?"

"எல்லாரையும் எறங்கச் சொல்லு."

"சந்தைக்கு நேரமாச்சுங்க."

"காலையில ஒரு நடை போனியா?"

"போனேன். பாதி எறக்கத்துல முன் சக்கரத்துல கொஞ்சம் பொக வந்துச்சு. புது வேலையில்ல, கிரீஸ் காயுதுன்னு நெனச்சேன்."

"கிரீஸ் இல்ல. பிரேக். தப்பு என்னோடது. எறங்கச் சொல்லு."

இறங்கியவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். என்ன தப்பு என்று கேட்டார்கள். ராஜாதான் வண்டிக்கு அடியில் கையை நீட்டிக் காட்டிச் சொன்னான்.

"கனம் ஏறுனா வண்டி தாழும். தாழ்ந்தா இந்தக் கம்பி போயி வால்வுகிட்ட சொல்லும், கனம் இருக்குது, பின் பிரேக்கக் கெட்டியாப் புடின்னு. இப்ப வண்டிய ரெண்டு இஞ்சு தூக்கியாச்சு. எத்தன மூட்டை ஏத்துனாலும் கம்பி சொல்றது ஒண்ணுதான், வண்டி காலின்னு. பின் பிரேக் சும்மா தொட்டுட்டு உட்டுரும். மொத்தப் பாரமும் முன்னாடி. அதான் பொக."

"ரெண்டு இஞ்சு ஒசத்துறேன்னு சொல்லி எங்கள ஒரேயடியா மேல அனுப்பப் பாத்தியா பாய்," என்றார் மூட்டை மேலிருந்து கடைசியாக இறங்கிய ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

காசியம்மாள் சிரிக்கவில்லை. ஐம்பது வயது. அந்த ஊரின் வார்டு மெம்பர். வண்டியில் இருந்த கிழங்கில் பாதி அவருடைய காட்டில் பிடுங்கியது. "காலையில போன நடையில என் மருமவ இருந்தா," என்று மட்டும் சொன்னார்.

மூட்டைகளை இறக்கினார்கள். ராஜா வண்டிக்கு அடியில் போய் முன் பிரேக்கைப் பார்த்துவிட்டு, பிரேக் கட்டைகள் கருகிவிட்டன, கடைக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும் என்றான். பிறகு ஸ்பானரை நசீருதீனிடம் நீட்டினான். "தகட்ட நீயே போடு. நான் பாத்துக்கிட்டு இருக்கறேன். இன்னைக்கு மட்டும்." சரிவில் கல் கொடுத்து நிறுத்திய வண்டிக்கு அடியில், கூழாங்கல்லின் மேல் முதுகைப் போட்டு நசீருதீன் தகட்டை மாட்டினான். நாற்பது நிமிடம். மொபெட்டை மட்டும் ஏற்றிய காலி வண்டியை முதல் கியரிலேயே இறக்கிக்கொண்டு மூவரும் கடத்தூர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

மறுநாள் ராஜா முன் பிரேக்கை மாற்றினான். நசீருதீன் அதோடு விடவில்லை. கிழங்கின் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, அடிவாரத்துக்குக் கொண்டுபோய், முனிராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தானே ஓட்டி மூன்று முறை மலையிறங்கினான். ஒவ்வொரு முறையும் கீழே நிறுத்தி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை நான்கும் ஒரே சூட்டில் இருந்தன.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வண்டியை மேலே கொண்டுபோய் விட்டார்கள். வண்டி ஊர் முகப்பில் நின்றது. கிழங்கு மூட்டையை ஏற்றினார்கள். ஆள் ஒருவரும் ஏறவில்லை.

"கெழங்கு போவட்டும்," என்றார் காசியம்மாள். "நாங்க ஏற மாட்டோம்."

"மூணு தடவ எறக்கிப் பாத்துட்டேங்க," என்றான் நசீருதீன்.

"நீ சொல்ற. முந்தாநேத்துக்கு மொதநாளும் நல்லாருக்குதுன்னுதான் குடுத்த. இப்ப எழுதிக் குடு."

கேட்டதில் தப்பில்லை என்று அவனுக்கும் பட்டது. முனிராஜின் மனைவி சுகுணா அங்கன்வாடியில் வேலை செய்பவள். ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, காசியம்மாள் சொல்லச் சொல்ல எழுதினாள். "முனிராஜ் வண்டியைத் தூக்கிக் கட்டியது நான். பிரேக் கம்பியை முதலில் சரியாகப் போடவில்லை. இப்போது போட்டுவிட்டேன். சுமையோடு மூன்று முறை இறக்கிப் பார்த்தேன். இந்த வேலைக்கு நான் பொறுப்பு." அதன் கீழே, பிரேக்கைப் பார்த்தது ராஜா என்று இன்னொரு வரி. ராஜா பேனாவை வாங்கி, இழுத்துச் சுழித்து ஒரு கையெழுத்தைப் போட்டான். அதற்கு அடியில் வேறு, இரண்டு புள்ளி வைத்தான்.

நசீருதீன் சட்டையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு, மை இருக்கிறதா என்று கேட்டான்.

"கைநாட்டு வேண்டாம்," என்றார் காசியம்மாள்.

"எனக்கு எல்லாத்துக்கும் அதுதாங்க. பேங்குலகூட."

"எங்கப்பன் கைநாட்டு வெச்சுத்தான் எங்க ஆத்தோரத்துக் காடு போச்சு. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாம வெச்சேன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நீயும் நாளைக்கு அதையே சொல்லலாம். உன் பேர நீ எழுது."

அவனுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அவனை வண்டியை நிமிர்த்தச் சொல்லியிருக்கிறார்கள், உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். எழுதச் சொன்னது இவர்தான் முதல். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுத வராதுங்க," என்றான்.

"வண்டியத் தூக்க வந்துச்சு இல்ல," என்றார் காசியம்மாள். தாளை நான்காக மடித்து அவன் சட்டைப்பையில் செருகினார். "வந்ததும் வா."

வீட்டில் ஷரீபுன்னிசா தாளைப் பிரித்துப் படித்தாள். ஹீனாவுக்கும் அலீனாவுக்கும் முதல் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் போட்டுவந்தது அவள்தான். "இதுக்கா இவ்ளோ யோசனை? நான் போட்டுத் தரேன். மலைக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க முன்னால போடணும் ஆபா."

"அப்ப நானும் மேல வரேன். நீயின்னு சொல்லிக்கறேன். மீசை ஒண்ணுதான் கொறைச்சல்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான். "கம்பிய ராஜா வேலைன்னு உட்டேன். இதையும் உன் வேலைன்னு உட்டா எப்படி?"

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

அலீனா ஒரு அட்டையில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். ஐந்து எழுத்து. இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தான். ஸ்பானரைப் பிடிக்கிற பிடியில் அது தாளைக் கிழித்தது. பென்சில் முனை மூன்று ஒடிந்தது. பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளும் தும்பக்காட்டு ஜனங்கள் நடந்தே இறங்கி, கரும்பும் வெல்லமும் தலைமேல் வைத்து நடந்தே ஏறினார்கள் என்று முனிராஜ் கீழே கிழங்கு இறக்க வந்தபோது சொன்னான். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் நசீருதீனைத் தூங்கவிடாமல் செய்தது.

பொங்கல் கழிந்த புதன்கிழமை, பட்டறையில் கிடந்த மெல்லிய கம்பியை எடுத்தான். அட்டையில் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து, பட்டடைக்கல்லின் முனையில் வைத்து, சிறு சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தான். பட்டையை வளைக்கிற கைதானே, வளைவு அதற்குப் புரிந்தது. 'ந' ஒரு நாளில் வந்தது. 'சீ'யின் மேலே சுழிந்து திரும்புகிற இடத்தில் மூன்று கம்பி வீணாயிற்று. ராஜா தினமும் வந்து பார்த்துவிட்டு, "'ரு'வுக்கு வாலு எங்க பாய், ராத்திரி பூனை தின்னுருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஐந்து எழுத்தும் முடிந்ததும் தரையில் வரிசையாக வைத்து, சாக்பீஸை இடது கையில் பிடித்து, கம்பியின் ஓரமாகவே இழுத்தான். பிறகு கம்பி இல்லாமல் இழுத்தான். குனிந்து இழுத்து இழுத்து, டாக்டர் எச்சரித்த அந்த இடுப்பு, லாரி வேலையில் வலிப்பதைவிட அதிகமாக வலித்தது. ஒவ்வொரு நாளும் தரையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தான். மறுநாள் காலையில் முதல் எழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்திருக்கும். ஆறாவது நாள் காலை மறக்கவில்லை.

இதற்கிடையில் வேறு வண்டிகளும் வந்தன. வந்த வேலையைச் செய்தான். கம்பி ஏதாவது இழுத்துக்கொண்டு நின்றால், அது யாருடைய வேலையாக இருந்தாலும் அந்த ஆளை நேரில் போய்க் கையோடு கூட்டிவந்தான். அவர் ஊரில் இல்லாவிட்டால் வண்டியைக் கொடுக்கவில்லை. அதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுபடி மலை ஏறிய அன்றைக்கு ராஜா கூட வரவில்லை. ஷரீபுன்னிசாதான் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தும்பக்காட்டு முகப்பில் பிக்கப் மூட்டையோடு நின்றது. முனிராஜ் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தபடியால் பத்துப் பன்னிரண்டு பேர் பையோடு காத்திருந்தார்கள். ஏறத் தயாராக வந்தார்களா, நடக்கத் தயாராக வந்தார்களா என்று அவர்கள் முகத்தில் தெரியவில்லை.

"வந்துருச்சா?" என்றார் காசியம்மாள்.

"வந்திருக்குதுங்க."

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, தகட்டின் இரண்டு போல்ட்டையும் ஸ்பானர் வைத்துப் பார்த்தான். அசையவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தாளை வண்டியின் பானட்டின்மேல் விரித்தான். சுகுணாவை முழுவதும் சத்தமாக ஒருமுறை படிக்கச் சொன்னான். 'முதலில் சரியாகப் போடவில்லை' என்ற இடம் வந்தபோது தலையைக் குனியவில்லை. மடங்கிய வலது கையால் தாளை அழுத்திக்கொண்டு, இடது கையால் எழுதினான். ஐந்து எழுத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு டயரே மாற்றியிருக்கலாம். யாரும் அவசரப்படுத்தவில்லை. கைக்குழந்தைக்காரி மட்டும் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

காசியம்மாள் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டாவது எழுத்து கோணிக்கிட்டுக் கெடக்குது."

"ஆமாங்க. அது மட்டும் இன்னும் சரியா வரல."

"படிக்கறதுக்கு வருது. போதும்."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகளிடம் கையை நீட்டி, முதல் ஆளாக வண்டியில் ஏறினார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஏறினார்கள். முனிராஜ் சாவியைத் திருப்பினான். வண்டி முதல் வளைவில் திரும்பி மறையும் வரை நசீருதீன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மொபெட்டை எடுத்து, புகை வருகிறதா என்று பார்த்தபடி அடிவாரம் வரை பின்னாலேயே போனான். வரவில்லை. அடிவாரத்தில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவன், டீ வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான்.

நசீருதீன் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2024 ஜனவரி 24, புதன்கிழமை.